விடிகாலை நாலரை மணி ஷிப்ட் பயணமும் ஒரு விண்ட்ஷீல்டும்: கிருஷ்ணகிரி – ஓசூர் சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மழைக்கும் குளிருக்கும் வண்டியின் முன்னால் விண்ட்ஷீல்டு, அதாவது காற்றைத் தடுக்கிற கண்ணாடி, போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இருக்கறதிலேயே பெருசு எதுங்க?" என்பதுதான். கிருஷ்ணகிரியில் டூவீலர் வேலை பார்க்கிறவன் நான். ஐப்பசி பிறந்ததும் இந்தக் கேள்வி ஆரம்பிக்கும், தை முடியும்வரை ஓயாது. பெரிய கண்ணாடி என்றால் பெரிய பாதுகாப்பு என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டில் கிளம்பி, மழையிலும் பனியிலும் நெடுஞ்சாலையில் போகிற ஒருவருக்கு அந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது, வேறு எதைப் பார்த்து வாங்கினால் சரிப்படுகிறது என்பதை ஒரே ஒருவருடைய வண்டியை வைத்து விரிவாக எழுதுகிறேன். அவர் என் அக்கா வீட்டுக்காரர். எழுதச் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

நான் சொல்ல வருவது இதுதான்: கண்ணாடியின் உயரத்தை ஓட்டுகிறவரின் கண் முடிவு செய்ய வேண்டும். காற்றை அடக்குகிற வேலையை உயரத்திடம் விடாமல், கண்ணாடியின் சாய்விடமும் அடியில் விடுகிற இடைவெளியிடமும் விட வேண்டும்.

ஆளும் வண்டியும் பாதையும்

மாமாவுக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் மெஷின் ஷாப் வேலை. முதல் ஷிப்ட் காலை 6 மணிக்கு. வீடு கிருஷ்ணகிரியிலிருந்து ஒதுங்கிய கிராமம், கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வராது. நாலரைக்கு வண்டியை எடுத்தால்தான் பதற்றமில்லாமல் பஞ்ச் வைக்க முடியும். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. எடை 195 கிலோ, சீட் உயரம் 805 மில்லிமீட்டர், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. நிமிர்ந்து உட்காருவது இடுப்புக்கு நல்லது, ஆனால் நெஞ்சு முழுவதும் காற்றுக்கு எதிரே நிற்கும். மாமாவின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இந்த அளவு பின்னால் முக்கியமாக வரும்.

பாதை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி, பேரண்டப்பள்ளி, அப்புறம் ஓசூர். சுமார் 50 கிலோமீட்டர். தூரத்தைவிட இதில் கவனிக்க வேண்டியது ஏற்றம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் இந்த ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டு, இரண்டரை டிகிரி போய்விடுகிறது. வீட்டு வாசலில் நின்று "இந்த ஸ்வெட்டர் போதும்" என்று முடிவு செய்கிறவர், சூளகிரி தாண்டும்போது வேறொரு குளிருக்குள் போய்க்கொண்டிருப்பார். நமக்கு மழை தருகிற வடகிழக்குப் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால் இந்தப் பாதையில் மழையும் குளிரும் சேர்ந்தே வருகின்றன.

குளிர் என்று நாம் உணர்வதில் பாதி வேலை காற்றுடையது. அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, 10 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டால் 5 டிகிரி போல உறைக்கும். அந்தச் சூத்திரம் 10 டிகிரிக்கும் அதற்குக் கீழேயும்தான் செல்லும். நம் பக்கம் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் சூடு என்றாலும் போக்கு அதேதான். துணி நனைந்துவிட்டால் கதையே வேறு. உடம்பில் ஒட்டிய துணியிலிருந்து 100 மில்லி தண்ணீர் காற்றில் ஆவியாகிப் போனால், ஏறக்குறைய 58 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கை வைக்க முடியாத அளவுக்குக் காய்ச்சுகிற சூடு அது. அதில் பெரும்பங்கு உடம்பிலிருந்துதான் போகிறது. மாமா கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் விரல் மடங்காமல், அளவெடுக்கிற மைக்ரோமீட்டரைப் பிடிக்கச் சிரமப்பட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எங்கே நனைகிறார்

இதற்கான பதிலை அக்காதான் கொடுத்தாள். ஷிப்ட் முடிந்து வந்ததும் துணியைக் கொடியில் போடுகிறவள் அவள். நான் சட்டையைக் கேட்டதும் விரித்துக் காட்டினாள். ரெயின்கோட் போட்டிருந்தும் கழுத்துப்பட்டை முழுக்க ஈரம். அங்கிருந்து பொத்தான் வரிசையை ஒட்டி நான்கு விரல் அகலத்துக்கு ஈரம் நேராக இறங்கி வயிற்றில் விரிந்திருந்தது. இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நனைந்திருந்தன. பேன்ட்டில் மடிப்பகுதியும் முழங்காலுக்குக் கீழேயும் சொட்டச் சொட்ட ஈரம். முதுகு மட்டும் காய்ந்திருந்தது. அப்போது வண்டியில் கண்ணாடி எதுவும் கிடையாது.

இந்த ஈரத்தைப் படித்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். ரெயின்கோட் ஓட்டை இல்லை. ஓட்டையாக இருந்தால் தோளும் முதுகும் முதலில் நனையும். காற்றின் அழுத்தம் தண்ணீரைக் கழுத்து வழியாகவும் ஜிப் வழியாகவும் கைமடிப்பு வழியாகவும் உள்ளே தள்ளியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி கீழே விழுகிற வேகம் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர்தான். நாம் 60-இல் போனால் துளி நம் வேகத்தோடு சேர்ந்து ஏறக்குறைய எதிரிலிருந்து வந்து அடிக்கும். நேராக விழுகிற மழையாக இருந்தாலும் ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு அது முன்னாலிருந்து அடிக்கிற மழைதான். விண்ட்ஷீல்டு மழையில் உதவுவதற்குக் காரணமே இதுதான். ஓசூர் சிக்னலில் நிற்கும்போது அதே கண்ணாடி ஒன்றும் செய்யாது என்பதற்கும் இதுவே காரணம்.

காற்றின் தள்ளலுக்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்தவரின் நெஞ்சும் வயிறும் மூன்று சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் காற்று சுமார் 2 கிலோ எடைக்குத் தள்ளும். 80-இல் அது 4 கிலோ ஆகாது, 8 கிலோ ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது "கண்ணாடியெல்லாம் எதுக்கு" என்று சொல்கிறவரே நெடுஞ்சாலை ஏறியதும் தேடுவது இதனால்தான்.

முதல் கண்ணாடி

மாமா என்னிடம் வருவதற்கு முன்பே ஆன்லைனில் ஒரு கண்ணாடி வாங்கி, அவரே மாட்டியும் இருந்தார். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற ரகம். ஹெட்லைட்டை ஒட்டி வளைவாக வெட்டியிருக்கும், ஹேண்டில்பாரில் இரண்டு கிளாம்ப். உயரம் அவர் நெற்றிக்கு மேலே போனது. வாங்கும்போது அந்த உயரம்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

கொஞ்ச நாளிலேயே கழற்றச் சொல்லி வந்துவிட்டார். "மாப்ள, இதைக் கழட்டிப் போட்டுடு. நெஞ்சுக்குக் குளுரு இல்ல, அது வாஸ்தவம். ஆனா தலைய பின்னாலருந்து யாரோ தட்டிக்கிட்டே வர்ற மாதிரி இருக்குது. மழை வந்தா ரோடே தெரியல."

அவர் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டோம். தலை ஆடுகிறது, காதில் இரைச்சல். மழையில் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியவில்லை. எதிரே லாரி வந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிறது. லாரியை முந்தும்போது ஹேண்டில் கையில் நடுங்குகிறது. முதுகு நனைகிறது. கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கண்ணாடி இல்லாதபோது காய்ந்திருந்த முதுகு, கண்ணாடி போட்டதும் ஏன் நனைய வேண்டும்?

வெள்ளையாவதற்கான காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் கண்ணாடி வண்டியிலேயே இருந்ததால் விடியற்காலையில் அதன்மேல் பனி இறங்கியிருக்கும். அதோடு முந்தைய நாள் தூசியும் சேர்ந்திருக்கும். மாமா கையில் கிடைத்த துண்டால் துடைத்துவிட்டுக் கிளம்புவார். டார்ச் அடித்துப் பார்த்தபோது மயிரிழை போன்ற கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. பகலில் அவை தெரியாது. எதிர் ஹெட்லைட் பட்டதும் ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதன்மேல் மழைத்துளியும் சேர்ந்தால் பாதை மறைந்தே போகும். காரில் வைப்பர் இருக்கிறது, இதில் கிடையாது. உள்பக்கமும் நனையும், பனி படியும்.

ஹேண்டில் நடுக்கத்துக்குக் காரணம் மாட்டிய இடம். இரண்டு சதுர அடிக் கண்ணாடி மேல் 80 வேகத்தில் ஐந்தாறு கிலோ தள்ளல் வரும். அது முழுவதும் ஹேண்டில்பார் வழியாக ஸ்டியரிங்கில் இறங்குகிறது. பக்கக்காற்று அடித்தாலோ, லாரியின் காற்றுச்சுவரைத் தாண்டும்போதோ, இடதும் வலதும் அந்தத் தள்ளல் ஒரே அளவாக இருக்காது. மேலுமலை இறக்கத்தில் லாரி பக்கத்தில் இது விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. ஒரு போல்ட் துளையிலிருந்து நகக்கண் அளவுக்கு விரிசலும் விட்டிருந்தது. ரப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கியதால் வந்தது அது.

நூல் சொன்ன விஷயம்

தலை ஆட்டத்துக்கும் முதுகு ஈரத்துக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அதனால் காற்றைத் தெரிய வைக்க வேண்டியிருந்தது. அக்காவிடம் சிவப்பு உல்லன் நூல் வாங்கி விரல் நீளத்துக்கு வெட்டினோம். டேப் போட்டுக் கண்ணாடியின் மேல் விளிம்பிலும், இரு பக்கத்திலும், உள்பக்கம் அடியிலும் ஒட்டினோம். மாமாவின் ஜெர்கினில் நெஞ்சிலும் தோளிலும், ஹெல்மெட்டில் நெற்றியிலும் தாடையிலும் ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த, போக்குவரத்து இல்லாத சாலை. அவர் 50, 60-இல் போக, பக்கத்து வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்தவன் வீடியோ எடுத்தான்.

கண்ணாடி இல்லாமல் போனபோது நெஞ்சிலிருந்த நூல்கள் ஜெர்கினோடு அப்பிக்கொண்டு துடித்தன, ஹெல்மெட் நூல்கள் பின்னோக்கி நேராக நீண்டிருந்தன. தலைக்கு அது சுத்தமான காற்று. வேகமாக இருந்தாலும் ஒரே சீராக இருக்கும், தலையை ஆட்டாது.

உயரக் கண்ணாடியோடு போனபோது நெஞ்சு நூல்கள் முன்னோக்கி, கண்ணாடியைப் பார்த்து நீண்டன. வண்டி முன்னே போகிறது, நூலும் முன்னே போகிறது. ஹெல்மெட் தாடையிலிருந்த நூல் ஒரு நிலையில் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் மாமா ஒப்புக்கொண்டார்.

நடப்பது இதுதான். கண்ணாடி காற்றைப் பிளந்து மேலேயும் பக்கத்திலும் தள்ளுகிறது. அதன் பின்னால், மாமா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அடியில் ஹெட்லைட்டோடு ரப்பர் வைத்து ஒட்டி மூடியிருந்ததால் அந்தக் குறையை நிரப்ப முன்னாலிருந்து காற்று வர வழியில்லை. அதனால் முதுகுப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் காற்று சுழன்று உள்ளே வருகிறது. தலையைப் பின்னாலிருந்து தட்டியது இந்தக் காற்றுதான். முதுகை நனைத்ததும் இதுதான். பெரிய துளி எடை காரணமாகக் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடும். தூறலின் அரை மில்லிமீட்டர் துளி மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். அது காற்று போகிற இடமெல்லாம் கூடவே போகும், சுழலில் மாட்டி முதுகில் வந்து ஒட்டும்.

இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே பார்த்தோம். அடி ரப்பரை எடுத்துவிட்டு, கிளாம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வாஷர்களை அடுக்கி, ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் சந்து விட்டோம். மேல் விளிம்பை ஓட்டுபவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தோம். மறுபடி ஓட்டியபோது நெஞ்சு நூல்கள் தொங்கி, லேசாக மேல்நோக்கி அசைந்தன. தாடை நூலின் சுழற்சி பெருமளவு அடங்கியது. கண்ணாடியின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அந்தச் சந்து வழியாக வரும் கொஞ்சக் காற்று குளிரைக் கூட்டாதா என்று மாமா கேட்டார். கூட்டும், ஆனால் மிகக் கொஞ்சம்தான். நெஞ்சுக்கு நேராக அடிக்கிற காற்றோடு அதை ஒப்பிடவே முடியாது.

எவ்வளவு உயரம்

சரி, தலை ஆட்டம் தீர்ந்தது. ஆனால் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் அப்படியே இருந்தது. மழையிலும் பனியிலும் இருட்டில் ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கண்ணாடிக்கு மேலே பார்க்க வேண்டும். அப்படியானால் மேல் விளிம்பு எங்கே நிற்க வேண்டும்?

மாமாவை வண்டியில் உட்கார வைத்து அளந்தோம். உட்கார்ந்த நிலையில் கண் தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர். கண்ணாடியின் மேல் விளிம்பு கண்ணுக்கு முன்னால் சுமார் 65 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். விளிம்பு கண்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே, அதாவது மூக்கு நுனி மட்டத்தில் இருந்தால், சுமார் 20 மீட்டருக்கு அப்பால் உள்ள சாலைதான் கண்ணாடி குறுக்கிடாமல் தெரியும். 7 சென்டிமீட்டர் கீழே, வாய் மட்டத்தில் இருந்தால், சுமார் 14 மீட்டரிலிருந்தே தெரியும். 60 வேகத்தில் 20 மீட்டர் என்பது ஒரு வினாடிக்குச் சற்று மேல். நெடுஞ்சாலைக்கு அது போதும், ஏனென்றால் அந்த இடத்தை முன்பே பார்த்தாகிவிட்டது. ஆனால் மாமாவின் பயணம் நெடுஞ்சாலையில் தொடங்குவதில்லை. குழியும் வேகத்தடையும் உள்ள கிராமச் சாலையில், குறைந்த வேகத்தில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் வாய் மட்டம் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அளக்கும்போது எல்லாரும் புகைப்படத்துக்கு உட்காருகிற மாதிரி விறைப்பாக உட்காருவார்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் முதுகு தளர்ந்து, சீட் அமுங்கி, கண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும். விறைப்பாக இருக்கும்போது வாய் மட்டம் என்று பொருத்தியது, சூளகிரியில் மூக்கு மட்டமாகியிருக்கும். ஆகவே ஜெர்கின், ரெயின்கோட், ஹெல்மெட் எல்லாம் போட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்காமல் அப்படியே அளக்க வேண்டும். நாங்கள் ஒரு டிவி அட்டைப்பெட்டியை வெட்டி ஹெட்லைட்டுக்கு மேலே பிடித்தோம். மாமா தரையில் வைத்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டு, அது மறையும்போது சொன்னார். அட்டையை மேலும் கீழும் நகர்த்திக் கோடு போட்டோம். அந்த அட்டையைத்தான் கடைக்கு எடுத்துப் போனோம்.

விளிம்பு கழுத்து மட்டத்துக்குப் போகிற அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடாது. விளிம்பைத் தாண்டும் வேகக்காற்று கொஞ்சம் மேலே எழும்பித்தான் பின்னால் போகும். விளிம்பு கழுத்தருகே இருந்தால் அந்தக் காற்று ஹெல்மெட்டின் தாடைக்கு அடியில் புகுந்து தூக்கும், இரைச்சலும் அங்கேதான் மிக மோசம். வாய் மட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் நெற்றிக்கு மேலே பட்டு வழுக்கிப் போகிறது. சாய்வைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிக்கட்ட முடிகிறது. குளிர் இல்லாத ஊரில், வெயில் காலத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஹெட்லைட் மேல் ஒரு சின்ன வைசரே போதும். அது நெஞ்சின் கீழ்ப்பாதியை மட்டும் காக்கும், தலை சுத்தமான காற்றில் இருக்கும். மாமாவின் பாதைக்கு அது போதாது.

எந்தப் பொருள், எப்படி மாட்டியது

புதிதாக வாங்கியது பாலிகார்பனேட், நிறமில்லாதது, மேலே கீறல் தாங்கும் பூச்சு போட்டது. அக்ரிலிக் தெளிவாக இருக்கும், கீறலும் எளிதில் விழாது. ஆனால் லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்தால் உடையும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், பூச்சு இல்லையென்றால் சீக்கிரம் கீறும். லாரி ஓடுகிற சாலைக்கு நான் பாலிகார்பனேட் பக்கம்தான் நிற்பேன். கறுப்புப் புகை நிறம் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் நாலரை மணிக்குக் கிளம்புகிறவர் அதைத் தொடவே கூடாது. அகலம் தோள்பட்டையின் உள்விளிம்பு வரை மறைத்தால் போதும். அதற்கு மேல் அகலம் கூடினால் பக்கக்காற்றில் சிரமம்.

மாட்டியது ஹேண்டில்பாரில் அல்ல, ஹெட்லைட் பக்கம், முன்சக்கரத்தைத் தாங்குகிற முன்ஃபோர்க்கைப் பிடிக்கிற பிராக்கெட்டில். இதுவும் ஸ்டியரிங்கோடு திரும்பும்தான். ஆனால் எடையும் தள்ளலும் திரும்புகிற அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் கைக்கு வருகிற நடுக்கம் குறைவு. ஒவ்வொரு துளையிலும் ரப்பர் புஷ், நைலான் உள்ள நட், கையால் இறுக்கியபின் கால் சுற்று மட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், இண்டிகேட்டர் ஒயர் எதுவும் இழுபடாமல் இருக்கிறதா, கண்ணாடி டேங்கில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்தோம். அடியில் அதே இரண்டு சென்டிமீட்டர் சந்து.

துடைப்பதற்குத் துண்டு இனிமேல் இல்லை. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் அதன்மேல் போட்டு ஊற விட வேண்டும். அப்புறம் மென்மையான துணியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் பாலிகார்பனேட் பக்கம் வரக் கூடாது. நாளடைவில் மங்கும், நுண்விரிசல் விடும்.

கையும் காலும்

விண்ட்ஷீல்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கையை மறைக்காது. ஹேண்டில்பார் அதைவிட அகலம். குளிரில் முதலில் மரத்துப்போவது விரல், பிரேக் பிடிக்கிறதும் அதே விரல்தான். என்னைக் கேட்டால், கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் விரல்களுக்கு முன்னால் ஹேண்டில்பாரில் மாட்டுகிற நக்கிள் கார்டு வாங்கச் சொல்வேன், அப்புறம்தான் கண்ணாடி. மாமா வண்டிக்கு இரண்டும் போட்டோம். ரெயின்கோட் கையை கிளவுஸுக்குள் விடாமல், கிளவுஸை ரெயின்கோட் கைக்குள் விட்டு மேலே வெல்க்ரோ இறுக்கினார். வெளியே வழியும் தண்ணீர் கிளவுஸுக்குள் போகாமல் இருக்க அந்த முறைதான் சரி.

முழங்காலுக்குக் கீழே நனைவது வானத்து மழையால் அல்ல. முன்னே போகிற வண்டிகளின் சக்கரம் வீசுகிற சேற்றுத் தண்ணீர் அது, கீழேயிருந்து வருகிறது. எந்தக் கண்ணாடியும் அதைத் தடுக்காது. கிராஷ் கார்டின் இரண்டு பக்கமும் ரெக்சின் தைத்துக் கட்டினோம். காற்று பட்டு ஆறுகிற இன்ஜின் என்பதால் இன்ஜினின் நெஞ்சுப்பகுதியை மறைக்காமல், கால் நீளத்துக்கு மட்டும் வெட்டினோம். வெயில் காலம் வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

கார்த்திகை மழையிலும் மார்கழிக் குளிரிலும் இந்த ஏற்பாட்டோடு மாமா ஓடினார். அக்காவின் கொடியிலிருந்துதான் மறுபடியும் முடிவைப் பார்த்தேன். கழுத்துப்பட்டையில் ஓர் ஓரம் மட்டும் ஈரம், பொத்தான் வரிசை காய்ந்திருந்தது. மணிக்கட்டில் இரண்டு விரல் அகலம் ஈரம். மடியில் கொஞ்சம். முழங்காலுக்குக் கீழே இன்னும் நனைகிறது, முன்போல் சொட்டவில்லை. கம்பெனிக்குப் போனதும் நேராக மெஷின் முன்னால் நிற்க முடிகிறது என்றார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. லாரியை முந்தும்போது ஹேண்டில் நடுக்கம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. வேகத்தை அவரே 70-க்குள் வைத்துக்கொண்டார்.

தீராதவையும் உண்டு. ஹெல்மெட் உச்சியில் இரைச்சல் இருக்கிறது. முகத்துக்கு முன்னால் காற்று அடங்கியதால் ஹெல்மெட் வைசரில் மூச்சுப்பனி முன்பைவிட அதிகம் படிகிறது. வைசரை ஒரு கிளிக் திறந்து வைத்து ஓட்டுகிறார், உள்பக்கம் ஒட்டுகிற பனித்தடுப்புத் தகடு போடலாம் என்றிருக்கிறேன். மெல்லிய தூறலில், 40-க்குக் கீழே போகும்போது, முதுகு இன்னமும் லேசாக நனைகிறது. அடியில் விட்ட சந்தின் அகலத்தை இன்னும் கூட்டினால் அது குறையலாம், ஆனால் வயிற்றில் குளிர் ஏறும். மாமா முதுகு ஈரத்தையே தேர்ந்தெடுத்தார்.

இதற்குள் மாமாவின் தம்பி, அதே மாடல் வண்டி வைத்திருப்பவர், "அண்ணனுக்குப் போட்டதையே எனக்கும் போட்டுடுங்க" என்று வந்தார். அவர் ஐந்தடி பத்து அங்குலம். மாமாவின் வண்டியில் அவரை உட்கார வைத்துப் பார்த்தோம். அண்ணனுக்கு வாய் மட்டத்தில் நின்ற விளிம்பு தம்பிக்குத் தொண்டைக்கு வந்தது. தலை ஆடுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பிராக்கெட்டில் மேல் துளைக்கு ஏற்றியும் போதவில்லை. அவருக்கு அடுத்த அளவுக் கண்ணாடி சொல்லியிருக்கிறேன். அது வருவதற்குள் ஒரு நாள் ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக வந்து உட்காரச் சொன்னேன், அவருக்கென்று தனியாக அட்டை வெட்ட வேண்டும்.